ஒரு எண்ணை மாற்றினால் பொம்மை நடக்கும்

1973-ஆம் ஆண்டு டென்மார்க்கில் லார்ஸ் சி. ஹாசிங், ஹென்ரிக் ஹாசிங் என்ற இருவர் ஆறு நிமிடத்துக்கு ஒரு குட்டிப் படம் எடுத்தார்கள். சூப்பர் 8 கேமராவில் எடுத்த படம். பெயர் 'என் ரைஸே டில் மோனன்', அதாவது 'நிலவுக்கு ஒரு பயணம்'. படத்தில் நிஜ மனிதர்களும் வருகிறார்கள், லெகோ கட்டைகளும் அசைகின்றன. லெகோ கட்டைகளை அசைத்து எடுத்த படங்களில் இன்றுவரை தெரிந்தவற்றில் இதுதான் முதல் படம். இன்று எல்லோருக்கும் பழக்கமான மஞ்சள் முக லெகோ மனிதன் கடைக்கு வந்ததே 1978-ல்தான். அதற்கும் ஐந்து வருஷம் முன்பே இது நடந்துவிட்டது.

கட்டைகளை எப்படி அசைய வைத்தார்கள்? ஸ்டாப் மோஷன் என்ற பழைய முறைதான். பொம்மையை வைத்து ஒரு ஃபிரேம் எடுக்க வேண்டும். கையால் ஒரு துளி நகர்த்தி அடுத்த ஃபிரேம் எடுக்க வேண்டும். வேகமாக ஓட்டிப் பார்த்தால் பொம்மை தானாக நகர்வது போல் தெரியும். வினாடிக்கு 15 ஃபிரேம் என்று வைத்தால் ஒரு நிமிடப் படத்துக்கு 900 ஃபிரேம். 700-வது ஃபிரேமில் கை தட்டிக் கட்டிடம் சாய்ந்தால் கதை முடிந்தது!

இதே கட்டைகளைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய், 'இந்தக் காலை இத்தனை டிகிரி திருப்பு' என்று கட்டளை எழுதி அசைத்தால் எப்படி இருக்கும்? பெரிய சினிமா நிறுவனங்களிடம் அதற்கான வசதி இருந்தது. வீட்டில் ஒற்றைக் கம்ப்யூட்டர் வைத்திருந்த ரசிகர்களுக்கு அந்த வழியைத் திறந்தது ஒரு ஆஸ்திரேலியர் எழுதிய சின்ன நிரல்.

ஜெஸ்ஸிமனின் எழுத்துக் கோப்பு

அவர் பெயர் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன். 1995-ல் டாஸ் இயங்குதளத்துக்காக இரண்டு நிரல்கள் எழுதி வெளியிட்டார். ஒன்று 'எல்டிரா', லெகோ மாதிரிகளைத் திரையில் வரைவதற்கு. இன்னொன்று 'எல்எடிட்', மாதிரிகளைத் திருத்துவதற்கு. லெகோ நிறுவனத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வாங்கிக் கட்டி விளையாடும் ஒரு ரசிகர் தன் ஆர்வத்தில் செய்தது, இலவசமாகக் கொடுத்தது.

நிரலைவிட முக்கியம், மாதிரிகளைச் சேமிக்க அவர் தேர்ந்தெடுத்த முறை. எல்லாமே நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்புகள். ஒரு வரி எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

1 4 0 -24 0 1 0 0 0 1 0 0 0 1 3001.டேட்

முதலில் உள்ள 1, 'இங்கே ஒரு பாகத்தை வை' என்று சொல்கிறது. அடுத்த 4 நிறம், சிவப்பு. அதற்கடுத்த மூன்று எண்கள் அந்தப் பாகம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. பின்னால் வரும் ஒன்பது எண்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது. கடைசியில் பாகத்தின் பெயர். 3001 என்றால் இரண்டுக்கு நான்கு குமிழ் உள்ள சாதாரணக் கட்டை.

அளவுக்கு அவர் வைத்துக்கொண்ட அலகு 0.4 மில்லிமீட்டர். எதற்கு இப்படி ஒரு விசித்திரமான அலகு? காரணம் இருக்கிறது. லெகோவில் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடைவெளி 8 மி.மீ., அதாவது 20 அலகு. கட்டையின் உயரம் 9.6 மி.மீ., அதாவது 24 அலகு. தட்டையான பிளேட்டின் உயரம் 3.2 மி.மீ., அதாவது 8 அலகு. எல்லாம் முழு எண்களாக வந்துவிடுகின்றன. ஒரு கட்டையின் மேல் இன்னொன்றை வைக்க வேண்டுமா? உயரத்தைக் குறிக்கும் எண்ணில் 24 கழித்தால் போதும். ஆம், கழிக்க வேண்டும். எல்டிராவில் மேலே போகப் போக எண் குறையும். மேலே உள்ள வரியில் -24 வந்தது அதனால்தான்.

வரி 1-ல் தொடங்கினால் பாகம். 2 என்றால் கோடு, 3 என்றால் முக்கோணம், 4 என்றால் நாற்கரம். 5 என்பது பார்க்கும் கோணத்தைப் பொறுத்துத் தெரியும் அல்லது மறையும் கோடு. 0 என்று தொடங்கினால் குறிப்பு. ஒரு நிரலுக்குப் புரியாத குறிப்பு வரி வந்தால் அதைத் தாண்டிப் போய்விடும். சின்ன விஷயம்தான். ஆனால் பின்னால் நடந்த பலவற்றுக்கும் இந்த 0 வரிதான் கதவைத் திறந்துவிட்டது.

அந்த 0 வரிகளிலேயே ஜெஸ்ஸிமன் சில கட்டளைகளையும் வைத்திருந்தார். 'ஸ்டெப்' என்றால் கட்டும் படிகளில் ஒன்று முடிந்தது. 'க்ளியர்' என்றால் திரையைத் துடை. 'சேவ்' என்றால் திரையில் உள்ள படத்தைச் சேமி. வரை, சேமி, துடை, மறுபடி வரை. யோசித்துப் பார்த்தால் ஸ்டாப் மோஷனும் இதுதானே!

இரண்டே வருடத்தில்

1997 ஜூலை 25 அன்று ஜெஸ்ஸிமன் இறந்துபோனார். இருபதுகளைத் தாண்டாத வயது. எல்டிரா வெளிவந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

ஒரே ஆள் எழுதிய இலவச மென்பொருள், அந்த ஆள் போனபின் என்ன ஆகும்? வழக்கமாக அதுவும் போய்விடும். டாஸ் நிரல், அடுத்த இயங்குதளம் வந்ததும் ஓடாது. அதில் சேமித்து வைத்த மாதிரிகளைத் திறக்க ஆள் இருக்காது.

இங்கே அப்படி நடக்கவில்லை. கோப்பு வெறும் எழுத்து என்பதால், அதைப் படித்துப் புரிந்துகொள்ள ஜெஸ்ஸிமனின் நிரல் தேவைப்படவில்லை. யார் வேண்டுமானாலும் புது நிரல் எழுதலாம். எழுதினார்கள். மைக்கேல் லாக்மன் விண்டோஸில் ஓடும் 'எம்எல்கேட்' எழுதினார். லியோனார்டோ சிடே 'லியோகேட்' எழுதினார். புதுப்புதுப் பாகங்களை ரசிகர்கள் ஸ்கேல் வைத்து அளந்து, கோடும் முக்கோணமுமாக எழுதிச் சேர்த்தார்கள். இன்று அந்தப் பாக நூலகத்தில் பல ஆயிரம் கோப்புகள், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஜெஸ்ஸிமன் பெயரில் ஒரு நினைவு விருதும் கொடுக்கிறார்கள்.

பளபளப்பும் கடிகாரமும்

எல்டிரா காட்டும் படம் கோட்டோவியம் போல இருக்கும். நிஜக் கட்டையின் பளபளப்பு, நிழல் எதுவும் இருக்காது. அதற்கு வேறொரு இலவச மென்பொருள் கைகொடுத்தது. 'பாவ்-ரே'. ஒளிக்கதிர் எங்கிருந்து வந்து எதில் பட்டுத் தெறிக்கிறது என்று புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு நிஜம் போன்ற படத்தைத் தரும் மென்பொருள். 1991 முதல் இருக்கிறது. இதற்கும் காட்சியை எழுத்தில்தான் விவரிக்க வேண்டும்.

எல்டிரா கோப்பைப் பாவ்-ரே கோப்பாக மாற்றித் தரும் நிரல் 'எல்3பி'. அதை எழுதியவரின் பெயர் லார்ஸ் சி. ஹாசிங். 1973-ல் கட்டைகளைக் கையால் நகர்த்திய அதே டென்மார்க், அதே பெயர்!

பாவ்-ரேயில் 'க்ளாக்' என்று ஒரு மாறி உண்டு. மொத்தம் எத்தனை ஃபிரேம் வேண்டும் என்று சொல்லிவிட்டால், முதல் ஃபிரேமில் க்ளாக்கின் மதிப்பு 0, கடைசி ஃபிரேமில் 1, நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். எல்3பி தந்த கோப்பைத் திறந்து, சக்கரத்தின் கோணம் உள்ள இடத்தில் 'க்ளாக் பெருக்கல் 360' என்று எழுதினால், படம் முடியும்போது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். அனிமேஷன் மென்பொருள் என்று தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை.

வீட்டில் எழுதிய ஸ்கிரிப்டுகள்

ஒரு சக்கரத்துக்குச் சரி. நூறு பாகம் அசைய வேண்டும் என்றால் கையால் திருத்தி மாளாது. இங்கேதான் ரசிகர்கள் சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கினார்கள். பேசிக்கோ, பெர்லோ, சி மொழியோ, அவரவருக்குத் தெரிந்ததில். அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றுதான். மாதிரிக் கோப்பைப் படி. அசைய வேண்டிய வரியைக் கண்டுபிடி. எண்களை மாற்று. புதுப் பெயரில் எழுது. மறுபடி முதலிலிருந்து. ஐந்து வினாடிப் படத்துக்கு, வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால், 120 கோப்புகள். அத்தனையையும் ஸ்கிரிப்ட் ஒரு நொடியில் எழுதித் தள்ளிவிடும்.

படமாக மாற்றுவதற்குத்தான் பொறுமை வேண்டும். ஒரு ஃபிரேமுக்குப் பத்து நிமிடம் ஆனால் 120 ஃபிரேமுக்கு 20 மணி நேரம். இரவு கம்ப்யூட்டரை ஓடவிட்டுத் தூங்கப் போய், மறுநாள் மாலை பார்த்தால் பொம்மையின் கை முதுகுப் பக்கம் திரும்பியிருக்கும். ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருக்கும்.

ஸ்கிரிப்டில் எது எளிது, எது கடினம் என்பது சுவாரஸ்யமானது. பற்சக்கரங்களை எடுத்துக்கொள்வோம். 8 பல் சக்கரமும் 24 பல் சக்கரமும் கோத்திருக்கின்றன. பெரியது ஒரு சுற்றுச் சுற்றினால் சிறியது மூன்று சுற்று, எதிர்த்திசையில். ஸ்கிரிப்டில் ஒரே வரி: கோணத்தை -3 ஆல் பெருக்கு. கையால் நகர்த்தி எடுத்தால் பத்தாவது ஃபிரேமுக்குள் பிசகிவிடும் ஒன்று, கணக்கில் கடைசிவரை பிசகாது. தொடக்கத்தில் மட்டும் ஒன்றின் பல் மற்றதன் இடைவெளியில் விழும்படி அரைப் பல் திருப்பி வைக்க வேண்டும். பெரிய சக்கரத்தில் அரைப் பல் என்பது 7.5 டிகிரி.

மனிதன் நடப்பது அப்படியல்ல. லெகோ மனிதனுக்கு முழங்கால் கிடையாது. இடுப்பில் மட்டும்தான் கால் திரும்பும். சைன் அலையைக் கொடுத்தால் கால்கள் முன்னும் பின்னும் ஆடும். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் உடல் எவ்வளவு முன்னேற வேண்டும் என்பது காலின் கோணத்தோடு பொருந்தாவிட்டால், பனியில் சறுக்குவது போல் இருக்கும். உடலைச் சரியான அளவு தூக்கி இறக்காவிட்டால் பாதம் தரைக்குள் புதையும், இல்லையென்றால் அந்தரத்தில் நிற்கும்.

திருப்பும் மையம் இன்னொரு தலைவலி. அந்த ஒன்பது எண்களும் பாகத்தைத் திருப்புவது அதன் சொந்த மையத்தைச் சுற்றித்தான். கதவின் கீல் அந்த மையத்தில் இல்லாவிட்டால், கதவு சட்டத்தை விட்டுக் கழன்று காற்றில் சுற்றும். முதலில் கீலை மையத்துக்குக் கொண்டுவந்து, திருப்பி, பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மேட்ரிக்ஸ் பாடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது ஒரு நல்ல பதில்.

எல்லாவற்றுக்கும் மேல், கோப்புக்குக் கட்டை கெட்டியானது என்பது தெரியாது. இரண்டு கட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தாலும் அது தடுக்காது. நிஜக் கட்டை கையில் தட்டுப்பட்டுச் சொல்லும் தகவலை இங்கே ஸ்கிரிப்ட் எழுதுபவர்தான் யோசித்து வைக்க வேண்டும்.

வளையும் பாகங்களுக்குக் கெவின் கிளேக் 'எல்சிந்த்' என்று ஒரு நிரல் எழுதினார். ரப்பர் குழாய், சங்கிலி போன்றவற்றை அது சின்னச் சின்னத் துண்டுகளாக உருவாக்கித் தரும். அதற்கான கட்டளைகள் எங்கே எழுதப்பட்டன? அதே 0 வரிகளில்தான். எல்சிந்த் இல்லாதவர்கள் திறந்தாலும் கோப்பு கெடாது. மற்ற நிரல்கள் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடும்.

நின்றதும் நிற்காததும்

2004-ல் லெகோ நிறுவனமே 'லெகோ டிஜிட்டல் டிசைனர்' என்ற இலவச மென்பொருளை வெளியிட்டது. பழகுவதற்கு எளிது, குழந்தைகள்கூடப் பயன்படுத்தலாம். 2014-ல் வந்த 'தி லெகோ மூவி' படத்தை சிட்னியில் உள்ள அனிமல் லாஜிக் நிறுவனம் உருவாக்கியபோது, மாதிரிகளைக் கட்ட இந்த மென்பொருளும் பயன்பட்டது. பெரும்பாலும் கம்ப்யூட்டரில் செய்த படம்தான். ஆனாலும் கையால் நகர்த்தி எடுத்த ஸ்டாப் மோஷன் படம் போலவே தெரிய வேண்டும் என்று மெனக்கெட்டார்கள்.

2019-ல் லெகோ நிறுவனம், ரசிகர்களின் சந்தையான பிரிக்லிங்க்கை வாங்கியது. அதோடு பிரிக்லிங்க்கின் 'ஸ்டுடியோ' என்ற வடிவமைப்பு மென்பொருளும் கைக்கு வந்தது. 2022-ல் டிஜிட்டல் டிசைனரை நிறுத்திவிட்டு ஸ்டுடியோவைப் பயன்படுத்தச் சொன்னது. அந்த ஸ்டுடியோ எதன் மேல் கட்டப்பட்டது தெரியுமா? எல்டிரா பாக நூலகத்தின் மேல். 1995-ல் ஒரு தனி ஆள் தொடங்கிய கோப்பு வடிவம், சுற்றி வந்து லெகோ நிறுவனத்தின் வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது.

ஆனால் இந்தக் கதையில் ஒரு குறையும் இருக்கிறது. மாதிரிகளுக்குப் பொதுவான வடிவம் கிடைத்தது. அசைவுக்குக் கிடைக்கவில்லை. எல்டிராவின் பொதுவான விதிகளில் 'நேரம்' என்ற ஒன்று இல்லை. கட்டும் படி உண்டு, பாகம் உண்டு, நிறம் உண்டு. மூன்றாவது வினாடியில் இந்தக் கை எங்கே இருக்க வேண்டும் என்று சொல்ல வழியில்லை. அதனால் அசைவுக்கு ஆளாளுக்கு ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் ஸ்கிரிப்டுக்கு எழுதிய கட்டளை இன்னொருவர் நிரலுக்கு வெறும் குறிப்பு வரி. மாதிரிகளைக் காப்பாற்றிய அதே 0 வரி விதி, அசைவைக் கைவிட்டுவிட்டது. 1996-ல் கட்டிய ஒரு மாதிரியை இன்றும் திறக்கலாம். அதை நடக்க வைக்க யாரோ எழுதிய நிரல் ஓடாமல் போனால், மாதிரி மட்டும் கைகளைத் தொங்கவிட்டபடி அப்படியே நிற்கும்.

இதற்கு ஓரளவு பதில் 2010-களில் வந்தது. ரோலண்ட் மெல்கெர்ட் உருவாக்கிய 'எல்டிகேட்' என்ற தொகுப்பு மென்பொருளில், 'லூவா' மொழியில் ஸ்கிரிப்ட் எழுதி மாதிரிகளை அசைக்கலாம். லூவா 1993-ல் பிரேசில் பல்கலைக்கழகம் ஒன்றில் பிறந்த சின்ன மொழி. சேர்ந்து அசைய வேண்டிய பாகங்களை ஒரு குழுவாகக் கட்டி, பெயர் வைத்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அந்தக் குழு எங்கே, எந்தக் கோணத்தில் என்று சொல்லிவிடலாம். 20 மணி நேரம் காத்திருக்காமல் திரையிலேயே ஓட்டிப் பார்த்துத் தப்பைத் திருத்தலாம். லூவா வேறு பல இடங்களிலும் பயன்படும் மொழி என்பதால், எழுதியதைப் படிக்கவாவது பிற்காலத்தில் ஆள் இருப்பார்கள்.

வீட்டில் நிரல் எழுதும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது. ஜெஸ்ஸிமனின் டாஸ் நிரல்களை இன்று பெரும்பாலும் யாரும் ஓட்டுவதில்லை. அவர் வகுத்த வரி மட்டும் அப்படியே இருக்கிறது. இடத்துக்கு மூன்று எண், திசைக்கு ஒன்பது எண், கடைசியில் பாகத்தின் பெயர். ஒரு நிரல் எழுதினால் அது சேமிக்கும் கோப்பு எப்படி இருக்கும் என்று கொஞ்ச நேரம் யோசிப்பதும், அதை அடுத்தவர் படிக்கும்படி எழுதி வைப்பதும் பெரிய வேலை இல்லை.

செய்து பார்க்க விரும்புபவர்கள், எல்டிராவைப் படிக்கும் ஏதாவது ஒரு இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டு, இரண்டே கட்டைகள் உள்ள ஒரு கோப்பை நோட்பேடில் எழுதுங்கள். மேல் கட்டையின் உயர எண்ணை -24-லிருந்து -26, -28 என்று மாற்றி மாற்றிச் சேமித்துத் திறந்து பாருங்கள். கட்டை மெல்ல மேலே எழும்பும். 1973-ல் கையால் நகர்த்தியதும் இதே அசைவுதான்.